பழைய சரக்கு முதலில்

கையைக் காட்டச் சொன்னார் பெரிய டாக்டரம்மா. அவள் காட்டவில்லை. வெள்ளைக் கோட்டின் பைக்குள் இரண்டு கைகளையும் இன்னும் கொஞ்சம் ஆழமாகத் திணித்துக்கொண்டு, இப்போது பரவாயில்லை என்று முனகினாள். நிஜமாகவே பரவாயில்லை என்றால் எவரும் கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு நிற்பதில்லை. எத்தனையோ பேருடைய பொய்களைக் கேட்டுத் தலை நரைத்தவர் அந்த அம்மாள். மேசையை விரலால் தட்டி மறுபடி கேட்டார். வேறு வழியில்லாமல் கைகள் வெளியே வந்தன.

விரல் நுனிகளில் வெடிப்பு. இடுக்குகளில் சிவப்பு. கட்டைவிரலின் ஓரத்தில் தோல் உரிந்து, அன்று காலையில்தான் புதிதாக ஒரு கீறல் வாயைத் திறந்திருந்தது. வேறு யாருக்காவது இப்படி இருந்தால் களிம்பைத் தடவிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடலாம். அவள் பிசியோதெரபிஸ்ட். அவளுக்குக் கைதான் தொழில். பக்கவாதத்தில் மடங்கிப்போன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நீட்டி, ஒரு குவளையைப் பிடிக்கவைப்பதற்குள் அவளுக்கும் அந்த நோயாளிக்கும் நடுவில் ஒரு சொந்தமே உண்டாகிவிடும். அவளிடம் வந்துகொண்டிருந்த பஸ் கண்டக்டர் ஒருவர், சமீபத்தில்தான் காகிதத்தை டிக்கெட் மாதிரிக் கிள்ளிக் கிழிக்கும் அளவுக்குத் தேறியிருந்தார். போன வாரம் அவரே கையை இழுத்துக்கொண்டு, உன் கை அரம் மாதிரி இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

"திறந்த புண்ணோட நோயாளியைத் தொடக் கூடாது. உனக்கும் ஆபத்து, அவங்களுக்கும் ஆபத்து" என்றார் டாக்டரம்மா. "திங்கக்கிழமையில இருந்து பதிவு மேசையில உட்காரு. கை ஆறினா வந்து காட்டு. அதுக்குள்ள புதுசா வந்த பொண்ணு உன் இடத்துல நிலைச்சுட்டான்னா, நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பதிவு மேசை என்றால் வாசலோரம் உட்கார்ந்து பெயர், வயது, எந்தப் பக்கம் வலி என்று கேட்டுக் கணினியில் தட்டுவது. அந்த வேலையை மட்டம் தட்ட அவளுக்கு மனசில்லை. ஆனால் அவள் படித்தது அதற்கில்லை. வெளியே வந்து படியில் நின்றபோது டாக்டரம்மாமேல் அவளுக்குக் கோபமே வரவில்லை, தன் கைகள்மேல்தான் வந்தது. இந்தக் கைகளுக்காக அவள் படாத பாடு பட்டிருந்தாள்.

முதலில் தோல் டாக்டரிடம் போனது. அவர் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டில் பாத்திரம், தரை, குளியலறை எல்லாம் கழுவுவது யார் என்று கேட்டார். அவள்தான். வேறு யாராவது செய்ய முடியுமா என்று கேட்டார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் எத்தனை பெண்களிடம் பார்த்திருப்பாரோ, அதற்குமேல் அந்தப் பக்கம் போகவில்லை. கழுவுகிற லிக்விடெல்லாம் காட்டமானவை, அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு மென்மையான சாமானுக்கு மாறு, உன் கைக்கும் நல்லது, சாக்கடைக்கும் நல்லது என்று சொல்லி அனுப்பினார்.

சரி, மாறுவோம். ஆனால் வீட்டில் இதை எப்படிச் சொல்வது? அங்கேதான் அவள் ஒரு தப்பு செய்தாள். அவள் கணவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். நல்ல மனுஷர். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டுகிற வண்டிக்குப் பிரேக் போட்டுப் பழகியதாலோ என்னவோ, வீட்டிலும் எந்தப் பேச்சையும் பாதியில் நிறுத்திவிடுவார். இடுப்பு வலிக்கிறது, கை எரிகிறது என்று அவள் எப்போது வாயைத் திறந்தாலும், ஊருக்கே வலி போக்குகிறவளுக்கு வலியா என்று ஒரு சிரிப்பு. பிரியமான சிரிப்புதான். ஆனால் அதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் தன் கைக்காக என்று கேட்க அவளுக்கு நா எழவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரையும் மாமனாரையும் பின்பக்க பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய், கீழே ஓடிய கால்வாயைக் காட்டினாள். கால்வாயில் வெள்ளை வெளேரென்று நுரை நின்றது. நம் வீட்டுத் தண்ணீரும் அங்கேதான் போகிறது, மீனெல்லாம் சாகிறது, இனிமேல் இயற்கைக்குக் கெடுதல் செய்யாத சாமான்தான் வாங்க வேண்டும் என்று ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினாள். மீனைப் பற்றி அவளுக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு, அதில் பொய்யில்லை. ஆனால் கையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

மாமனார் உருகிப்போனார். தினமும் விடிந்ததும் அவர் நடக்கப் போவது அந்தக் கால்வாய் ஓரமாகத்தான். மருமகள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி என்றார். ஒரு பெரிய பஞ்சாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அடுக்குமாடிக் குடியிருப்பில் இன்றைக்கும் அவருக்கு ஸ்டோர்ஸ் மாமா என்றுதான் பேர். மனைவி காலமான பிறகு வீட்டு ஸ்டோர்ஸும் அவர் கைக்கு வந்துவிட்டது. என்ன வாங்கி வந்தாலும் வாசலிலேயே அவர் வாங்கிக்கொள்வார். எது எங்கே இருக்கிறது, எது எப்போது தீரும் என்பது அவருக்குத்தான் தெரியும். சோப்பு டப்பா காலியாகி அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதற்காக அவளும் மனசுக்குள் அவருக்கு நன்றி சொல்லாத நாளில்லை.

அப்புறம் தேடல். அந்தத் தேடலை நினைத்தால் இப்போதும் அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். பெரிய கடையில் ஒரு அலமாரி முழுக்கப் பச்சை பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு இலைப் படம். சிலதில் இலைமேல் பனித்துளி வேறு. திருப்பிப் பார்த்தால் எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்து. போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படித்தாள். இலைப் படம் போட்டதற்கும் போடாததற்கும் உள்ளே ஒரே சரக்கு. ஒரு பாட்டிலில் முன்னால் "முழுக்க முழுக்க இயற்கை", பின்னால் "கையுறை அணிந்து பயன்படுத்தவும்". கடைப் பெண்ணிடம் இது நிஜமாகவே நல்லதா என்று கேட்டாள். நல்லாப் போகுதுக்கா என்றது அந்தப் பெண். அவள் கேட்டதும் அந்தப் பெண் சொன்னதும் வேறு வேறு.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்று இறங்கினாள். வினிகர் ஊற்றித் துடைத்ததில் சமையல் மேடைக் கல் திட்டுத் திட்டாக வெளுத்துப்போனது. பழத்தோலை வெல்லத்தோடு ஊறப்போட்ட பாட்டில் உஸ் உஸ் என்று மூச்சு விட ஆரம்பித்தது, வீட்டில் வெடிகுண்டு தயாராகிறது என்று கணவர் சாப்பிட வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். காய்ந்த பூந்திக்கொட்டையைப் பொடித்துத் தேய்த்ததில் பாத்திரம் சுத்தமானது, தொட்டியின் குழாய் அடைத்துக்கொண்டது. அடைப்பெடுக்க வந்த ஆள் முதல் வேலையாக ஒரு பாட்டில் அமிலத்தை உள்ளே ஊற்றினான். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கடைசியில் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்தக் கடை கண்ணில் பட்டது. இலைப் படமெல்லாம் கிடையாது. பெரிய பெரிய டிரம்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குழாய். நாம் கேனைக் கொண்டுபோனால் அளந்து நிரப்பித் தருவார்கள். கடைக்காரன் தாடி வைத்த சின்னப் பையன். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னான். இதில் என்னென்ன இருக்கிறது, என்னென்ன இல்லை என்று ஒளிக்காமல் சொன்னான். நுரை பெரிதாக வராது, வாசனையும் எலுமிச்சைத் தோல் வாசனை லேசாகத்தான் வரும், எண்ணெய் வாணலி என்றால் கொஞ்சம் அழுத்தித் தேய்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பாத்திரத்துக்கு, தரைக்கு, குளியலறைக்கு என்று மூன்று கேன் வாங்கினாள். பழைய பிளாஸ்டிக் பாட்டில்களையெல்லாம் காயலான் கடைக்காரரிடம் தள்ளிவிட்டு, அழுத்தினால் லிக்விட் வருகிற பழுப்புக் கண்ணாடி பாட்டில்கள் புதிதாக வாங்கி வைத்தாள். கேன்களை வாசலில் மாமனார் வாங்கிக்கொண்டார். பாட்டிலை நிரப்புகிற வேலையை அவரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

பரணில் பழைய சரக்கு நிறைய இருந்தது. தள்ளுபடியில் கிடைத்தது என்று மாமனார் ஐந்து லிட்டர் கேன்களாக, ஒவ்வொரு தடவையும் ஒரு கம்பெனியாக, வாங்கி அடுக்கியது. அதை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார் கணவர். நமக்கு ஆகாது என்று ஒதுக்கியதை அடுத்தவர் தலையில் கட்டுவதா என்று அவள் கேட்டாள். கீழே ஊற்றிவிடலாம் என்றால், அது நேராகக் கால்வாய்க்குத்தான் போகும் என்றும் அவளே சொன்னாள். சரி, இப்போதைக்கு இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவள் அதை மறந்தும் போனாள்.

முதல் நாள் பாத்திரம் கழுவியபோதே அசந்துவிட்டாள். பையன் என்னமோ நுரை வராது என்றானே? பொங்கி வந்தது. எலுமிச்சை வாசனையும் கமகமவென்று இருந்தது. வாணலியின் எண்ணெய் ஒரே தேய்ப்பில் போனது. தன் சரக்கைத் தானே குறைத்துச் சொல்கிற வியாபாரியை அவள் அதுவரை பார்த்ததில்லை, அதனால் அவன்மேல் மரியாதை கூடிப்போனது. ஆஸ்பத்திரியில் நர்ஸுகளிடம் சொன்னாள். எதிர்வீட்டு டெய்லரக்காவைக் கையைப் பிடித்துக் கடைக்கே கூட்டிக்கொண்டு போய் வாங்கிக் கொடுத்தாள்.

கை மட்டும் ஆறவில்லை. இனி லிக்விடைக் குறை சொல்ல முடியாதே, அதனால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள். ஆஸ்பத்திரியில் கைக்குத் தடவுகிற சானிடைசரைச் சந்தேகப்பட்டாள். ரப்பர் கையுறை போட்டுப் பார்த்தாள், வியர்த்துப் புழுங்கி இன்னும் எரிந்தது. குளிக்கிற சோப்பை மாற்றினாள், குழாய்த் தண்ணீரைச் சந்தேகப்பட்டாள், தக்காளி ஆகாதோ, முட்டை ஆகாதோ என்று ஒவ்வொன்றாகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கணவர் இரக்கப்பட்டு ராத்திரிப் பாத்திரத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் பார்த்துக்கொள்வது என்றால், எல்லாவற்றையும் தொட்டியில் போட்டுத் தண்ணீரை நிரப்பி, ஊறட்டும் என்று சொல்லிவிட்டுப் போவது. காலையில் அந்த ஊறிய எச்சில் தண்ணீரில் கையை விடுவது அவள்தான்.

இத்தனையும் செய்த பிறகுதான் திங்கட்கிழமையிலிருந்து பதிவு மேசை.

அன்று சாயந்திரம் மாடிப்படி ஏறி வந்தவளை டெய்லரக்கா வாசலிலேயே மறித்தாள். நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். நீ வாங்கிக் கொடுத்தது வெறும் தண்ணீர், நுரையும் இல்லை மண்ணும் இல்லை, தேய்த்துத் தேய்த்து என் தோள்பட்டை கழன்றுவிட்டது என்று ஆரம்பித்தாள். வேறொரு நாளாக இருந்தால் பிசியோ சமாதானம் சொல்லியிருப்பாள். அன்றைக்கு அவளுக்குச் சுரீரென்று வந்தது. தேய்க்கத் தெரியாமல் லிக்விடைக் குறை சொல்லாதே, என் வீட்டில் வந்து பார் என்று இழுத்துக்கொண்டு போய், பழுப்பு பாட்டிலை அழுத்தி ஒரு தட்டைத் தேய்த்துக் காட்டினாள். நுரை முழங்கை வரைக்கும் வந்தது. டெய்லரக்கா ஓடிப்போய்த் தன் கேனைக் கொண்டுவந்தாள். அதே தட்டு, அதே ஸ்க்ரப்பர். நுரை வந்தேனா பார் என்றது.

ஒரே கடை, ஒரே டிரம், ஒரே விலை. அப்படியானால் டெய்லரக்காவுக்குத் தண்ணீர் கலந்து கொடுத்திருக்கிறான் அந்தத் தாடிக்காரன். யோக்கியன் மாதிரிப் பேசி ஏமாற்றியிருக்கிறான். அன்று முழுக்க யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் அவள் வைத்திருந்த கோபத்துக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல், தன் பாட்டிலையும் டெய்லரக்காவின் கேனையும் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். டெய்லரக்காவும் பின்னாலேயே வந்தாள். அவளுக்குப் பணம் திரும்பக் கிடைத்தால் போதும், சண்டை வேண்டாம் என்றுகூட வழியில் சொல்லிப் பார்த்தாள்.

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. ஏழைபாழைக்குத் தண்ணீரும் பழகிய ஆளுக்கு நல்ல சரக்குமா, இதுதான் உன் இயற்கையா என்று மூச்சு விடாமல் கேட்டாள். பையனுக்கு முகம் சிவந்தது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து, டிரம்மிலிருந்து இரண்டு சொட்டு விட்டுக் கலக்கினான். லேசாக ஒரு வளையம் கட்டிக் கலைந்தது. டெய்லரக்காவின் கேனிலிருந்து இரண்டு சொட்டு. அதே வளையம். அவளுடைய பழுப்பு பாட்டிலை வாங்கி மூக்கருகில் கொண்டுபோனான், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டு சொட்டுதான் விட்டான். கிண்ணம் பொங்கி மேசையெல்லாம் வழிந்தது.

"அக்கா, இது என் சரக்கே இல்லை" என்றான்.

நின்றிருந்தவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். டெய்லரக்கா மெதுவாகத் தன் கேனை எடுத்துக்கொண்டாள். பிசியோவுக்கு மன்னிப்புக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தாள். நடக்க நடக்கத்தான் புரிந்தது. முதல் நாள் பொங்கிய நுரை, கமகமத்த வாசனை, ஆறாத கை. தினமும் காலையில் பாட்டில்களை நிரப்புவது யார் என்பதும்.

மாமனார் கூடத்தில் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார். கணவர் அப்போதுதான் வந்து காலை நீட்டியிருந்தார். அவள் பாட்டிலை மேசையில் வைத்து, இதில் என்ன இருக்கிறது என்று மாமனாரிடம் கேட்டாள்.

அவர் பதறவே இல்லை. பதற அவர் என்ன தப்பு செய்தார்? அவர் பாட்டுக்குப் பொறுமையாக விளக்கினார். ஸ்டோர்ஸில் இருப்பு வைப்பவன் செய்யக் கூடாத பாவம் ஒன்று உண்டென்றால், பழைய சரக்கை உள்ளே வைத்துக்கொண்டு புதுச் சரக்கை வெளியே விடுவது. முதலில் வந்தது முதலில் போக வேண்டும். அவள் வாங்கி வந்த கேன்களைப் பரணில் பின்வரிசையில் பத்திரமாக வைத்திருக்கிறார், ஒரு சொட்டும் எடுக்கவில்லை. பழையதைத்தான் தினமும் பாட்டிலில் நிரப்புகிறார். கொடுக்கவும் கூடாது, கொட்டவும் கூடாது என்று அவள்தானே சொன்னாள்? அப்படியானால் உபயோகித்துத் தீர்ப்பது ஒன்றுதானே வழி?

"கவலைப்படாதேம்மா. இன்னும் ரெண்டு கேன்தான் பாக்கி. அது முடிஞ்சதும் உன் சரக்குதான். ஒரு சொட்டு வீணாகலை" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

அவள் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தாள்.

"வீணாகலை மாமா. எல்லாம் இதுலதான் போயிருக்கு."

மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அத்தனை நெருக்கத்தில் அவர் அந்தக் கைகளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பிறகு, கைக்கு என்று அவள் ஒரு நாளும் சொல்லவில்லையே, மீனுக்கு என்றுதானே சொன்னாள் என்று மெல்லக் கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. ஆமாம், அவள் சொல்லவில்லை. மீனுக்கு என்றால் இந்த வீடு எழுந்து நின்று கேட்கிறது, தனக்கு என்றால் ஒரு சிரிப்போடு முடித்துவிடும் என்று பயந்து சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கு இப்போது வேலை போய் நிற்கிறது. பதிவு மேசை விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்தது, அதை மறைக்க அவள் முயலவில்லை.

கணவர் காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். சரி, விடு, நாளையிலிருந்து புதுச் சரக்கைப் போட்டுவிடலாம், முடிந்தது பிரச்சினை என்றார். வழக்கம்போலப் பிரேக் போட்டுவிட்டார். மாமனார் தலையாட்டினார். ஆட்டிவிட்டு, தன்னை அறியாமல் ஒரு தடவை பரணைப் பார்த்தார். அந்த இரண்டு கேனை என்ன செய்வது என்ற கவலை அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

அந்தப் பார்வைதான் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. இத்தனை மாதம் எந்த லிக்விட், எந்த லிக்விட் என்று கடை கடையாக அலைந்தாளே, யாருடைய கை என்று ஒரு நாளாவது யாராவது கேட்டார்களா? தோல் டாக்டர் ஒருத்தர் கேட்டார். அதற்கும் அவளே சிரித்து வைத்தாள்.

"புதுசு வேண்டாம் மாமா. உங்க முறைப்படி பழசையே முடிங்க" என்றாள். "ஆனா பாத்திரம், தரை, குளியலறை எல்லாம் இனிமே நீங்க ரெண்டு பேரும்தான். நான் தொடப் போறதில்லை. எதை ஊத்துறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

கணவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

சொன்னபடியே இருந்தாள். அது லேசான காரியமில்லை. தொட்டியில் பாத்திரம் மலைபோல் கிடக்கும்போது தாண்டிப்போக மனசு கேட்காது, கால் தானாக அங்கே போய் நிற்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்து போனாள். மாமனார் விடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிமுன் நின்றார். அவருக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது, ஒவ்வொரு தட்டையும் மூன்று தடவை தேய்த்தார். கணவர் தரையும் குளியலறையும். ஊறட்டும் என்று விட்டுவிட்டால் காலையில் அதைக் கழுவப்போவது தன் அப்பா என்று தெரிந்த பிறகு, ராத்திரிப் பாத்திரம் ஊறுவது நின்றுபோனது. அதைக் கவனித்தபோதும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஓஹோ, அப்பா கை என்றால் ஊறாதோ என்றுதான் தோன்றியது.

பதிவு மேசையில் அவள் பெயர், வயது, எந்தப் பக்கம் வலி என்று தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சாயந்திரம் தாடிக்காரன் கடைக்குப் போய், எல்லார் முன்னாலும் திட்டியதற்கு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். கை மெல்ல மெல்ல அடங்கியது. முதலில் எரிச்சல் நின்றது, பிறகு வெடிப்புகள் மூடின. டாக்டரம்மாவிடம் கையைக் காட்டினாள், இந்தத் தடவை கேட்பதற்கு முன்பே. அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, முழு வேலை இப்போது கிடையாது, அந்தப் பெண்ணோடு நோயாளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள், போகப் போகப் பார்க்கலாம் என்றார். பாதிதான். ஆனாலும் வந்ததே.

மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மாமனார் பரணிலிருந்து கேன்களை இறக்கிக் கூடத்தில் வைத்தார். ஒன்று முழுசாக இருந்தது, இன்னொன்றில் பாதி. ஸ்டோர்ஸில் நின்று பேசுகிற அதே கறாரான குரலில், இது கெட்டுப்போன சரக்கு, இதை இனி வெளியே விட முடியாது, டேமேஜ் என்று கழித்துவிட வேண்டியதுதான் என்று அறிவித்தார். தன் விரல்களை நீட்டினார். நுனியெல்லாம் வெளுத்து, ஆள்காட்டி விரலில் தோல் லேசாக உரிந்திருந்தது. எனக்கும் விரல் இடுக்கில் அரிக்கிறது, அன்றைக்கே சொன்னேன், அப்பாதான் கேட்கவில்லை என்று கணவர் குளியலறையிலிருந்து குரல் கொடுத்தார்.

தொழில் பழக்கத்தில் அவள் மாமனாரின் கையை வாங்கி விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு வேளை களிம்பு தடவினால் சரியாகிவிடும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் வேறுதான் வந்தது.

"உங்க விரல் உரிஞ்சா அது டேமேஜ் சரக்கு. என் விரல் உரிஞ்சப்ப அது இருப்புச் சரக்கு. இல்லையா மாமா?"

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. குளியலறையில் தேய்க்கிற சத்தம் நின்றுபோயிருந்தது. கடைசியில், இந்தக் கேன்களை என்னம்மா செய்வது, கொட்டவும் கூடாது, கொடுக்கவும் கூடாதே என்று அவளிடமே கேட்டார். எத்தனையோ வருடம் ஒரு பஞ்சாலையின் சரக்கு முழுவதையும் தலைக்குள் வைத்திருந்த மனுஷர், ஒன்றரைக் கேனுக்கு வழி தெரியாமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் வாய்வரைக்கும் பதில் வந்துவிட்டது. தாடிக்காரனிடம் கேட்டால் ஒரு வழி சொல்லுவான், நான் சாயந்திரம் போய்க் கேட்டு வருகிறேன் என்று சொல்ல இருந்தாள்.

"தெரியலை மாமா. நீங்க ரெண்டு பேரும் யோசிங்க" என்றாள்.

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். எட்டு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது நேரத்துக்கு வராது. படியிறங்கும்போது மேலே வீட்டில் அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் அந்தக் கேன்களைப் பற்றிக் கேட்டுக்கொள்வது அவள் காதில் விழுந்தது.